கோத்தோமிலி, காரிப்புலே: மொரீஷியஸில் ஏழு நாள்

பிப்ரவரி 7, 2025, வெள்ளி. ரோஸ் ஹில்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே புழுக்கம் மூச்சு முட்டியது. பிப்ரவரி இங்கே கோடைக்காலம், அதோடு புயல் காலமும்கூட. வழி நெடுகக் கரும்புக் காடு. ஒரு நிமிஷம் கும்பகோணத்தில் இருந்து திருவாரூர் போகிற சாலையில் இருக்கிறோமோ என்று தோன்றியது, அப்புறம் கரும்புக்குப் பின்னால் மலை எழுந்து நின்றபோது இது வேறு ஊர் என்று உறைத்தது.

டாக்சிக்கு 1,800 ரூபாய். இங்கத்திய ஒரு ரூபாய் நம் காசில் 1 ரூபாய் 85 பைசா சொச்சம் என்று தங்கை கணக்குப் போட்டாள், போட்டதும் முகம் வாடிவிட்டது. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், இந்தியச் சாயல், நல்ல பேச்சுக்காரர். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வி: "அப்போ நீங்க இந்துவா, தமிழா?"

கேள்வி எனக்குப் புரியவே இல்லை. ரெண்டும்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லை மேடம். நான் இந்து. நீங்க தமிழ். இங்கே அது வேற, இது வேற." அவருடைய முன்னோர்கள் பீகார் பக்கம், வீட்டில் பாட்டி போஜ்புரி பேசுவாராம். அவர்கள் மாதிரி ஆட்களை இந்து என்பார்கள், கோவிலுக்குப் போகிற நம் ஆட்களைத் தமிழ் என்பார்கள். தெலுங்கு, மராத்தி என்று சொல்லிக்கொள்பவர்களும் தனித்தனி. இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் "தமிழ்" என்று எழுதுகிறவர்கள் உண்டு என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு மொழியாக இருப்பது இங்கே ஒருவருக்கு மதம்!

எனக்கு இந்த விஷயம் சும்மா கேட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. யார் எந்தக் கட்டத்தில் வருவார் என்று பார்ப்பதுதான் என் அன்றாடம். ஆனால் இன்று வரை என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 8, சனி. ரோஸ் ஹில் சந்தை

நாங்கள் தங்கியிருக்கிற வீட்டின் மாடி அறைதான் வாடகைக்கு. கீழே வீட்டுக்கார அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தாந்தின் என்று கூப்பிடச் சொன்னார், இங்கே எல்லாரும் பேசுகிற க்ரியோல் மொழியில் அத்தை, சித்தி எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான். காலையில் அவரோடு சந்தைக்குப் போனோம். கிளம்பும்போது வெயில், பாதி வழியில் மழை, சந்தை வாசலில் மறுபடி வெயில். யாரும் ஓடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை.

கீரைக்கடையில் ஒரு பெரியவர், சீன வம்சம். தாந்தின் அவரிடம் ஏதோ கேட்டார். அதில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டேன். "கோத்தோமிலி." அவர் கொத்தமல்லிக் கட்டை எடுத்து உதறிக் கொடுத்தார். அடுத்து "காரிப்புலே", கறிவேப்பிலை. நான் முருங்கைக்கீரையைக் காட்டினேன், "ப்ரேத் மூரூம்" என்றார், ப்ரேத் என்றால் கீரை. பீர்க்கங்காயைக் காட்டினேன், "பிப்பங்காய்". தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இவருக்கு இது தமிழ்னு தெரியுமா?" என்று கேட்டாள். தாந்தினைக் கேட்கச் சொன்னேன். பெரியவர் எங்களை ஆச்சரியமாகப் பார்த்து, இது க்ரியோல் வார்த்தை, எங்கள் வார்த்தை என்றார். அவர் தாத்தா கடையிலேயே அப்படித்தானாம்.

அவர் சொன்னது சரி. மூன்று தலைமுறை ஒரு கடையில் புழங்கிய சொல் அந்தக் கடைக்காரருடையதுதான்.

மதியம் தால் பூரி. கடலைப்பருப்பு மாவை உள்ளே வைத்த மெல்லிய பூரி, பூரி என்று பெயரே தவிர எண்ணெயில் பொரிப்பதில்லை, கல்லில் சுடுகிறார்கள். இரண்டை ஒன்றாக வைத்து, வெள்ளைக் காராமணி மாதிரி பெரிய பயற்றில் செய்த குழம்பு, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய் விழுது தடவிச் சுருட்டிக் காகிதத்தில் தருகிறார்கள். ஜோடி 25 ரூபாய். வரிசையில் முக்காடு போட்ட அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர், டை கட்டின வெள்ளைக்காரர் ஒருவர், எல்லாரும் நின்றபடியே, சாறு சட்டையில் சொட்டாமல் முன்னால் குனிந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் காத்தோ பிமான் என்று ஒன்று, வாயில் போட்டால் சாட்சாத் மசால் வடை. அதை ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துக் காலையில் சாப்பிடுவார்களாம்.

நூறு ரூபாய் நோட்டை நீட்டியபோதுதான் கவனித்தேன், அதில் தமிழ் எழுத்து! ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கு அப்புறம் இந்தி. கடைக்காரப் பெண் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நிற்க, நான் நோட்டைக் கொடுக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபடி காத்திருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைய நாளைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

காலையில் தாந்தின் பூசைக்குப் போய்விட்டு வந்தார். ரோஸ் ஹில்லின் லூர்து மாதா கோவில். வந்ததும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் விந்தாய் செய்திருந்தார், மஞ்சளும் கடுகும் பூண்டும் வினிகரும் போட்டு ஊறவைத்த மீன், நேற்றே செய்து வைத்ததாம், ஒரு நாள் ஆனால்தான் ருசி. பருப்பு, முருங்கைக்கீரைச் சாறு, சோறு. சோற்றை முள்கரண்டியால்தான் சாப்பிட்டார், நாங்கள் கையால் பிசைந்ததைப் பார்த்து, எங்கள் அப்பாவின் பாட்டி இப்படித்தான் சாப்பிடுவார் என்று சொன்னார்.

சுவரில் அவர் கணவர் படம், ஏசு படம், அதன் கீழே ஒரு சட்டமிட்ட சான்றிதழ், அவருடைய தையல் படிப்பு முடித்தது. பெயரைப் படித்தேன். குடும்பப் பெயர் மூத்தூசாமி. எம்முக்கு அப்புறம் இரண்டு ஓ, டிக்கு அப்புறம் இரண்டு ஓ. "இது முத்துசாமி தாந்தின், எங்க ஊர்ப் பேரு" என்றேன். தெரியும் என்றார் அமைதியாக. அப்போ நீங்க தமிழா என்று நான் கேட்டேன், கேட்கும்போது உற்சாகமாகத்தான் கேட்டேன். "இல்லை. நான் போப்புலாஸ்யோன் ழெனெரால்."

பொது ஜனம். இதுதான் அந்தப் பிரிவின் பெயர். 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் வந்தபோது எழுதிய அரசியல் சாசனத்திலேயே இந்த நாட்டு மக்களை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் "வாழும் முறையைப் பார்த்தால்" சேராதவர்கள் எல்லாரும் பொது ஜனம். வாழும் முறை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் அதில்தான், அவர்களை விலைக்கு வாங்கிய பிரெஞ்சுக்காரர்களின் பிள்ளைகளும் அதில்தான். "கரும்புத் தோட்ட முதலாளியும் நானும் ஒரே பெட்டி" என்றார் தாந்தின். குரலில் கோபம் இல்லை, ஆனால் சொல்லிவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அடிமைகளாக வந்தவர்களின் வம்சத்தை இங்கே க்ரியோல் என்கிறார்கள், ஆனால் அப்படித் தனியாக ஒரு பெட்டி சாசனத்தில் கிடையாது. தமிழுக்கும் தனியாகக் கிடையாது, அதை இந்துவில் சேர்த்துவிட்டார்கள்.

இது எதற்கு என்றால் தேர்தலுக்கு. நாடாளுமன்றத்துக்கு 62 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் ஏதாவது ஒரு சமூகத்துக்கு இடம் குறைந்து போனால், தோற்றவர்களில் அந்தச் சமூகத்து ஆட்களை எடுத்து 8 இடம் வரை நிரப்பலாம். சிறுபான்மைக்குப் பயம் இருந்த காலத்தில் செய்த ஏற்பாடு, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது, இட ஒதுக்கீட்டின் அருமை தெரிந்த ஊரிலிருந்து வருகிறவள் நான். ஆனால் கணக்கு எதை வைத்து? 1972 கணக்கெடுப்பை வைத்து. அதற்குப் பிறகு சமூகம் என்ன என்று கணக்கெடுப்பில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேட்பாளர் மட்டும் தன் சமூகத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல மாட்டோம், நாங்கள் மொரீஷியர்கள் என்று சிலர் வழக்காடி ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். அந்தக் குழு 2012-இல் அவர்கள் பக்கம் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும், சொல்லாமலும் நிற்கலாம் என்று தற்காலிகச் சட்டம் வந்தது. முழுசாக இன்னும் மாறவில்லை.

தாந்தினின் கொள்ளுத் தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகளாம். மூத்தவர் கோவிலோடு இருந்துவிட்டார். இளையவர் ஒரு க்ரியோல் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கினார். மூத்தவர் வழி வந்த மூத்தூசாமிகள் இன்றைக்குத் தமிழ். இளையவர் வழி மூத்தூசாமிகள் பொது ஜனம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். தாந்தினுக்குத் தம்பி முறை ஒருவர் இருக்கிறார், நாளைக்கு மறுநாள் காவடிக்கு அவர் வீட்டோடு போகலாம் என்றார்.

இரவு தூக்கம் வரவில்லை. என் மேஜைக்கு வந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தான். பெரியப்பா வீட்டுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் நான்தான் எழுதினேன். இவன் அப்பா சர்ச்சுக்குப் போகிறவர். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பவுத்தர் தவிர மற்றவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது, கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர். ஒரே தெரு, ஒரே தாத்தா, ஒரே அவமானம். "எங்களை ஊர்ல அப்படித்தானே மேடம் கூப்பிடறாங்க, இன்னும்?" என்று கேட்டான். விதி அப்படி தம்பி என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

பிப்ரவரி 10, திங்கள். போர்ட் லூயிஸ்

மெட்ரோ ரயிலில் போனோம், சுத்தமாக, குளிராக, நேரத்துக்கு வந்தது. ஊருக்குள் இறங்கியதும் மழை. இந்த முறை சாரல் இல்லை, கொட்டியது. பத்து நிமிஷத்தில் சாலை ஓடையாகிவிட்டது. தங்கையின் கைபேசி நனைந்து உயிரை விட்டது, படம் எல்லாம் அதில்தான். ஒரு துணிக்கடை வாசலில் நின்றோம். கடைக்கார முஸ்லிம் பெரியவர் உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டு, துடைக்கத் துண்டு கொடுத்து, கைபேசியை வாங்கித் தானே பின்மூடியைக் கழற்றி விசிறி முன்னால் வைத்தார். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை, அவரும் எதையும் எடுத்துக் காட்டவில்லை.

ஆப்பிரவாசி காட். கூலிகளை இறக்கிய இடம், கூலி காட் என்றுதான் முன்பு பெயர். கடலில் இருந்து ஏறும் 16 படிகள் இருக்கின்றன. 1834 நவம்பர் 2-இல் அட்லாஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்ததைத்தான் ஒப்பந்தக் கூலிகளின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள். நம் ஆட்கள் அதற்கும் நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து தச்சர்களாகவும் கொத்தர்களாகவும் வந்து இந்த ஊரைக் கட்டியவர்கள். படிகளில் ஏற விடமாட்டார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, குழியில் மழைத்தண்ணீர் நின்றது.

பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்து ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம். இங்கே அடிமை முறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1. அது முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கூலி முறை தொடங்கிவிட்டது. கூலியாக வந்தவருக்கு ஒரு எண், ஊர், அப்பா பெயர், உயரம், உடம்பில் தழும்பு, பின்னாளில் புகைப்படம்கூட எழுதி வைத்தார்கள். அடிமையாக வந்தவருக்கு அவர் பெயரே இல்லை, எஜமான் வைத்த பெயர்தான். தாந்தினின் அம்மா வழியைத் தேடினால் ஒரு முதல் பெயர் வரை போய் நின்றுவிடுகிறதாம், அதற்கு மேல் ஊரும் இல்லை, கப்பலும் இல்லை. அப்பா வழியில் எல்லாம் இருக்கிறது. ஒரே உடம்பில் பாதிக்குப் பத்திரம் இருக்கிறது, பாதிக்கு இல்லை.

சாயங்காலம் தாந்தினின் தம்பி முறைக்காரர் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நூறு ரூபாய் நோட்டைப் பற்றிச் சொன்னதும் தன் பர்ஸைத் திறந்து எல்லா நோட்டையும் மேஜையில் பரப்பினார். 25-இல் சீன வம்சத்து ஆ-ச்சுவேன். 50-இல் பிரெஞ்சு வம்சத்துப் பாத்யூரோ. 100-இல் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர். 200-இல் அப்துல் ரசாக் முகமது. 500-இல் பிஸ்ஸுந்தயால். 1,000-இல் க்ரியோல் தலைவர் கயத்தான் துவால். 2,000 நோட்டு அவரிடம் இல்லை, அதில் முதல் பிரதமர் ராம்கூலம். "யாரையும் விடலை பாருங்க" என்றார். 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே தூக்கித் தமிழைக் கீழே போட்டுவிட்டார்கள். தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றது. பழைய வரிசை மறுபடி வந்தது. அவர் அந்த நாட்களில் வங்கி கவுண்டரில் இருந்தாராம். "எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனா அது கீழே போனப்போ, எங்க தாத்தாவை யாரோ கீழே தள்ளின மாதிரி இருந்தது."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வந்த நாள் முதல் தமிழ்ப் பெயரைப் பார்த்தவுடன் நான் கேட்ட முதல் கேள்வி, தமிழ் பேசுவீர்களா என்பதுதான். தெரியாது என்று சொன்ன ஒவ்வொருவரும் கொஞ்சம் தலை குனிந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் அடுத்தவரிடம் அதையே கேட்டேன். அவர் மனைவியிடமும் வாசலிலேயே கேட்டிருந்தேன். இனி கேட்பதில்லை.

அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்தார். மோக்காவில் இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்தில் கூலிகளின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, அங்கே கேட்டு வாங்கிய நகல். ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கலாம் என்று இந்தியா இப்போது விதியைத் தளர்த்தியிருக்கிறதே, அதற்காக. பெயர் மூத்தூசாமி. வயது 22. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. ஊர் என்ன என்று அவருக்குப் புரியவில்லை, இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லையாம். கூ-டா-வா-சேல். நான் எழுத்துக்கூட்டினேன், இரண்டாம் முறை சொல்லும்போதே தொண்டை அடைத்துவிட்டது. குடவாசல்! கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாது. என்னோடு வேலை பார்க்கிற பெண் தினமும் அங்கிருந்துதான் வருகிறாள். அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாந்தின் எழுந்து வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

அதில் சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விரலை வைத்துக் கேட்டார். ஆங்கிலேயர்கள் எழுதுகிற எழுத்தில் "பறையர்" என்று இருந்தது. சொன்னேன். வயல் வேலை எல்லாம் செய்தவர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள், வாரத்துக்குப் பத்து சான்றிதழாவது இந்தப் பெயருக்கு என் கையால் போகும் என்றேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதான் கப்பல் ஏறியிருக்கார்" என்றார். காகிதத்தை மடித்தவர், மறுபடி விரித்துத் தாந்தினிடம் கொடுத்தார். இது உன் தாத்தாவும்தான் என்று சொன்னார். அந்தச் சான்றிதழ் ஒரு வேளை எங்கள் ஊரில் கேட்கப்பட்டிருந்தால் இவருக்குக் கிடைக்கும், தாந்தினுக்குக் கிடைக்காது. அதை நான் அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

இங்கே தைப்பூசக் காவடி நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதம். விடியற்காலையில் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள், எல்லாரும் கத்தரிப்பூ நிறத்தில். காவடி என்றால் மரச்சட்டத்தில் தென்னங்குருத்தும் பூவும் கட்டி, இரண்டு பக்கமும் பால்செம்பு. கோவில் போய்ச் சேரும் வரை பால் திரியக்கூடாது என்பது நம்பிக்கை. கன்னத்தில் வேல், நாக்கில் வேல், முதுகில் கொக்கி, எல்லாம் உண்டு. நான் பழனிக்கு மூன்று முறை போனவள், ஆனால் இந்த அமைதியைப் பார்த்ததில்லை. தள்ளுமுள்ளு இல்லை, விஐபி வரிசை இல்லை. பாட்டுப் பாடுகிற பெண் கையில் நோட்டு, முருகன் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தில். ழகரம் வரும் இடமெல்லாம் லகரம்தான். ஒருத்தர்கூட அடி பிசகவில்லை.

வங்கிக்காரரின் பேரன், பத்து வயசு, சின்னக் காவடி எடுத்தான். பள்ளிக்கூடத்தில் அவன் தமிழ்தான் எடுத்திருக்கிறான். இங்கே ஆரம்பப் பள்ளியில் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு எல்லாம் விருப்பப் பாடம், 2012-இலிருந்து க்ரியோலும். அவன் காவடியில் கட்டியிருந்த அட்டையில் தன் கையால் பெயர் எழுதியிருந்தான்: "மூத்தூசாமி".

பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை கொதித்தது. காவடி எடுப்பவர்கள் வெறுங்கால். வழியில் வீட்டுக்கு வீடு குழாயும் வாளியுமாக நின்று ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு திருப்பத்தில் தாந்தின் நின்றிருந்தார், கழுத்தில் சிலுவை, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பச்சை ரப்பர் குழாய். வருஷா வருஷம் அந்த இடம் அவருடையதாம். பேரன் வந்தபோது குழாயைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, அவன் ஒவ்வொரு அடி வைப்பதற்கும் ஒரு அடி முன்னால் தண்ணீரைக் கொண்டுபோனார், தெரு முனை வரை குனிந்தபடியே பின்னால் நடந்தார். அறுபது வயசுக்கு மேல் ஆனவர்.

கோவிலில் என் செருப்பு காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கேட்காமலேயே உள்ளே போய் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்றாள். சாப்பாடு வாழையிலையில், ஏழு கறி என்றே அதற்குப் பெயர். பலாக்காய், பூசணி, வாழைக்காய், கத்திரி, பருப்பு, கீரை, இன்னொன்று எனக்குப் பிடிபடவில்லை. ராசோன் என்று ஊற்றினார்கள், ரசம். மிளகு நம்மைவிடக் கூட. காசு கிடையாது, வந்தவர் யாராக இருந்தாலும் இலை.

பிப்ரவரி 12, புதன். லெ மோர்ன்

உடம்பு அசந்துவிட்டது. தங்கைக்குக் கடல் பார்த்தே ஆக வேண்டும். லெ மோர்ன் மலையடிக் கடற்கரை, கண்ணாடி மாதிரி தண்ணீர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை அது. விடுதலைச் செய்தி சொல்ல ஏறிவந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று ஒரு கதை வாய்வழியாக இருக்கிறது. மலை செங்குத்தாக நிற்கிறது. நாங்கள் தண்ணீரில் இறங்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, தாந்தின் கட்டிக் கொடுத்த ரொட்டியும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். போக வர ஐந்து மணி நேரம் பஸ்.

பிப்ரவரி 13, வியாழன்

கிளம்பும் நாள். கைபேசி பிழைத்துவிட்டது, படங்களும்.

தாந்தின் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். என் பெயரைத் தமிழில் எழுதிக் கொடு என்றார். நான் "முத்துசாமி" என்று பெரிதாக எழுதினேன். அவர் பார்த்துப் பார்த்துக் கீழே நான்கு தடவை எழுதினார், து-வின் கால் மட்டும் கோணிக்கொண்டது. அப்புறம் உள்ளே போய்ப் பேரனின் காவடி அட்டையை எடுத்துவந்தார், அவன் கொடுத்து வைத்திருந்தானாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். எழுத்து தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. "இதில் ஒரு சுழி கூட இருக்கு, இதில் இல்லையே. எது சரி?"

பத்தொன்பது வருஷமாகச் சான்றிதழில் பெயர்ப்பிழை திருத்துகிறவள் நான். ஒரு எழுத்து மாறினால் மனுவைத் திருப்பி அனுப்புவேன். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"பையன் எழுதியதுதான் தாந்தின்" என்றேன்.

அவர் ஃபிரிட்ஜ் கதவில் அந்த அட்டையை ஒட்டிவிட்டு, உள்ளிருந்து ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என் பையில் வைத்தார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று தங்கை சொன்னாள். விடாவிட்டால் வாசனையாவது பார்த்துக்கொண்டு போங்கள் என்றார்.

விமான நிலையம் வரை கார் முழுக்கக் கோத்தோமிலி மணம்.